மின்னூலின் எந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவது?

2009-ஆம் ஆண்டு கோடையில், நியூயார்க்கின் ஸ்ட்ராண்ட் புத்தகக் கடையில் அமெரிக்க எழுத்தாளர் டேவிட் செடாரிஸிடம் கையெழுத்து வாங்க வந்த வாசகர் ஒருவர், அச்சிட்ட புத்தகத்தை நீட்டாமல் மின்னூல் படிப்பதற்கான தம்முடைய கிண்டில் கருவியை நீட்டினார். செடாரிஸ் அதன் பின்புறத்தில், இது அழிவுக்கான அறிகுறி என்று பொருள்படும் ஒரு வரியை எழுதிக் கொடுத்தார். அமேசானின் அந்தக் கருவி சந்தைக்கு வந்து அப்போது இரண்டு ஆண்டுகள்கூட நிறைந்திருக்கவில்லை. எழுத்தாளர் எழுதியது வேடிக்கைதான். ஆனால் அந்த வாசகர் தம் கருவியை நீட்டியதன் மூலம் எழுப்பிய கேள்வி வேடிக்கையானதன்று. ஒரு நூலைப் படித்து, அதில் தோய்ந்து, அதை எழுதியவரை நேரில் காணும்போது அவருடைய கையெழுத்தை வாங்கிக்கொள்ளும் வழக்கம், காகிதம் இல்லாத நூலுக்கு எப்படிப் பொருந்தும் என்பதற்கு இன்றுவரை எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரு வழி உருவாகவில்லை.

கருவியின் முதுகில் எழுதி வாங்குவது இன்றும் உண்டு. கருவிக்குப் போட்டிருக்கும் உறையின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே உறையில் பல எழுத்தாளர்களின் கையெழுத்துகளைச் சேர்ப்பதில் ஒரு சேகரிப்பாளரின் மகிழ்ச்சி இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்தக் கையெழுத்து எந்த நூலுக்கு உரியது என்று கேட்டால் விடை கிடையாது. கருவிக்குள் நூற்றுக்கணக்கான நூல்கள் இருக்கும். பிளாஸ்டிக்கின் மேல் இட்ட மை கைபட்டுக் கைபட்டு மங்கும். நான்கைந்து ஆண்டுகளில் மின்கலம் தளர்ந்தோ திரை உடைந்தோ கருவி ஓய்வுபெற்றுவிடும். புதிய கருவிக்கு நூல்கள் எல்லாம் வந்து சேரும், கையெழுத்து மட்டும் பழைய கருவியோடு மேசை இழுப்பறைக்குள் போய்விடும்.

சிறு பதிப்பகங்களுக்கு மின்னூல் கோப்புகளைத் தயாரித்துக் கொடுக்கும் பகுதிநேர வேலையில் இருப்பவன் என்பதால் இந்தக் கேள்வி என்னை அடிக்கடி வந்து தொடுகிறது. ஆண்டுதோறும் சென்னைப் புத்தகக் காட்சி முடிந்ததும், "நம்ம மின்னூலுக்கும் ஏதாவது கையெழுத்து மாதிரி செய்ய முடியுமா?" என்று யாரேனும் ஒரு பதிப்பாளரோ எழுத்தாளரோ கேட்பது வழக்கமாகிவிட்டது. முடியும் என்பதுதான் விடை. ஆனால் எதைச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்யும் முன், இதுவரை செய்யப்பட்டவை ஏன் நிலைக்கவில்லை என்று பார்த்துவிடுவது நல்லது.

2011-ஆம் ஆண்டில் இதற்கான முயற்சிகள் ஒரே சமயத்தில் முளைத்தன. சியாட்டிலைச் சேர்ந்த மென்பொருளாளர் இவான் ஜேக்கப்ஸ் உருவாக்கிய கிண்டில்கிராஃப் என்ற சேவையில், வாசகர் தம் விருப்பமான எழுத்தாளரிடம் இணையவழியே கையெழுத்துக் கேட்கலாம். எழுத்தாளர் தம் கணினித் திரையில் இரண்டு வரிகளும் கையெழுத்தும் இட்டு அனுப்பினால், நூலின் அட்டைப்படத்தோடு அது ஒரு தனி ஆவணமாக வாசகரின் கிண்டிலுக்கு வந்து சேரும். பின்னர் அது ஆதர்கிராஃப் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே ஆண்டில் ஆட்டோகிராஃபி என்ற நிறுவனம் வேறொரு முறையை முன்வைத்தது. வாசகரும் எழுத்தாளரும் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படம் எழுத்தாளரின் ஐபேடில் தோன்றும். அதன் கீழே அவர் எழுத்தாணியால் வாழ்த்து எழுதி அனுப்புவார். வாசகர் அதைத் தம் மின்னூலில் சேர்த்துக்கொள்ளலாம். மின்னூலுக்குள் கையெழுத்தைப் பதிப்பதற்கென்று ஆப்பிள் நிறுவனமும் காப்புரிமை விண்ணப்பம் ஒன்றைத் தாக்கல் செய்தது. இவற்றில் எதுவும் மாநாடுகளின் கையெழுத்து மேசைகளில் வழக்கமாக வேரூன்றவில்லை.

தொழில்நுட்பம் போதாமல் அவை பின்தங்கின என்று நான் நினைக்கவில்லை. கையெழுத்து வரிசை என்பது எப்படிப்பட்ட இடம் என்பதை அவை போதிய அளவு எண்ணிப்பார்க்கவில்லை. 1939-இல் நியூயார்க்கில் தொடங்கி, போர்க்காலமான 1942 முதல் 1945 வரை நீங்கலாக ஆண்டுதோறும் கூடிவரும் உலக அறிவியல் புனைகதை மாநாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே எழுத்தாளருக்குக் கையெழுத்திடுவதற்கென்று ஒரு மணி நேர அளவில்தான் ஒதுக்குவார்கள். புகழ்பெற்றவர் என்றால் வரிசை அரங்கைச் சுற்றி வளைந்து நிற்கும். ஒருவர் ஒரு சுற்றில் இத்தனை நூல்களில்தான் கையெழுத்துப் பெறலாம் என்று தன்னார்வலர் வந்து சொல்லிவிட்டுப் போவார். அட்டையைத் திறந்து, பெயரைக் கேட்டு, எழுதி, ஒரு வார்த்தை பேசி, புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதற்குள் ஒரு நிமிடம் ஓடிவிடும். அந்த நிமிடத்துக்குள் கருவியை இணைப்பது, கணக்கில் நுழைவது, மின்னஞ்சல் முகவரியைத் தட்டச்சுவது என்று எதைச் சேர்த்தாலும் வரிசை நின்றுவிடுகிறது. பின்னால் நிற்பவர்களின் முணுமுணுப்பைத் தாங்கும் சேவை எதுவும் உலகில் கிடையாது.

கையெழுத்தில் வாசகர் உண்மையில் விரும்புவது என்ன என்பது அடுத்த கேள்வி. இதற்கு மின்னூல் உலகத்துக்கு வெளியே நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் நல்ல வெளிச்சம் தருகின்றன. கனடிய எழுத்தாளர் மார்கரெட் அட்வுட், புத்தகச் சுற்றுப்பயணங்களின் அலைச்சலில் சலித்துப்போய், தொலைவிலிருந்தே கையெழுத்திடும் ஓர் இயந்திரத்தை எண்ணி உருவாக்கச் செய்தார். லாங்பென் என்ற அந்தக் கருவி 2006-இல் லண்டன் புத்தகக் கண்காட்சியில் அறிமுகமானது. முதல் முயற்சியில் இயந்திரம் முரண்டு பிடித்தது பத்திரிகைகளில் கேலிக்கு உள்ளானாலும், பிறகு அது வேலை செய்தது. எழுத்தாளர் ஓர் ஊரில் இருந்தபடி திரையில் எழுதுவார். வேறொரு ஊரில் இயந்திரக் கை ஒன்று உண்மையான பேனாவைப் பிடித்து வாசகரின் புத்தகத்தில் அதே கோடுகளை இழுக்கும். இருவரும் காணொளியில் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொள்ளலாம்.

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் விவகாரம் இதற்கு நேர் எதிர். அவருடைய நூலொன்றின் 900 படிகளை, அவரே கையால் கையெழுத்திட்டவை என்ற உறுதிமொழியோடு, 599 டாலர் விலையில் 2022-இல் பதிப்பாளர் விற்றார். வாங்கியவர்கள் தங்கள் படிகளின் படங்களை இணையத்தில் ஒப்பிட்டுப் பார்த்தபோது கையெழுத்துகள் வார்ப்பில் ஊற்றியவை போல இருந்தன. ஆட்டோபென் என்னும் கையெழுத்து இயந்திரம் போட்டவை அவை. பதிப்பாளர் பணத்தைத் திருப்பித் தந்தார். டிலன் பொதுவில் வருத்தம் தெரிவித்தார்.

இரண்டிலும் பேனாவைப் பிடித்தது இயந்திரம்தான், இரண்டிலும் காகிதத்தில் விழுந்தது உண்மையான மைதான். ஆனாலும் ஒன்றில் ஏமாற்றம் இல்லை, மற்றொன்றில் ஊரே கொதித்தது. முதலாவதில் மறுமுனையில் எழுத்தாளர் அந்த நொடியில், அந்த வாசகரின் பெயரைக் கேட்டு, அவருக்காக எழுதினார் என்பதே வேறுபாடு. அப்படியானால் மையோ காகிதமோ இயந்திரமோ இங்கே முக்கியமில்லை. இவர் இன்னாருக்காக இந்த நாளில் சில நொடிகளைச் செலவிட்டார் என்பதற்கான பதிவுதான் கையெழுத்து. மின்னூலுக்கு இதைக் கொடுக்க முடியும். கொடுக்க முடியாதது ஒன்றே ஒன்று: உலகில் இது ஒரே படி என்ற பெருமை. மின்னூல் முயற்சிகளில் பல, தர முடியாத அந்தப் பெருமையைத் துரத்தியே சோர்ந்தன என்பது என் கணிப்பு. மின்பொருளுக்குத் தனி உரிமைச் சான்று கொடுத்து விற்கும் என்.எஃப்.டி. அலை 2021-இல் அடித்தபோது, ஒவ்வொரு மின்னூல் படிக்கும் பிளாக்செயின் என்ற பொது மின்பதிவேட்டில் எண் கொடுத்துக் கையெழுத்தை விற்கலாம் என்று சிலர் என்னிடமும் விளக்கினார்கள். படிகளுக்குச் செயற்கையாகப் பஞ்சத்தை உண்டாக்கினால் ஊக வணிகர் வருவார், வாசகர் வரமாட்டார்.

அச்சு நூலில் அந்தப் பெருமைக்கு ஒரு சந்தை விலை இருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மேலைநாட்டுப் பழம்புத்தக வணிகர்கள், யாரோ முன்பின் அறியாத ஒருவருக்கு "அன்புடன்" என்று பெயரிட்டு எழுதிய படியைவிட, வெறும் கையெழுத்து மட்டுமே உள்ள படியை விரும்பி வாங்குவது உண்டு; மறுவிற்பனைக்கு அதுதான் எளிது. மின்னூலுக்கு மறுவிற்பனையே கிடையாது. பயன்படுத்திய மின்னூல்களை விற்பது பதிப்புரிமைக்கு எதிரானது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. இதை நான் குறையாகப் பார்க்கவில்லை. விற்க முடியாத பொருளில் இடும் கையெழுத்து, விலைக்காக அன்றி உறவுக்காக மட்டுமே இடப்படும். ஆகவே அதில் வாசகரின் பெயர் இருக்க வேண்டும், எழுத்தாளர் அவரிடம் பேசியதன் சாயல் ஒரு வரியேனும் இருக்க வேண்டும். திருவல்லிக்கேணி நடைபாதைகளிலும், 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டிலும் பழைய புத்தகம் பொறுக்கியவர்களுக்கு, யாருக்கோ யாரோ எழுதிக் கொடுத்த வரிகளைப் படிக்கும் அந்த இன்பம் தெரியும். மின்னூல் அந்த இன்பத்தை மட்டும் நமக்குத் தராது என்று ஒப்புக்கொள்கிறேன்.

இனி நம் ஊர் நிலவரம். 1977-இல் அண்ணா சாலையின் மதரஸா-இ-ஆசம் பள்ளி வளாகத்தில் சிறிய அளவில் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி, இப்போது பொங்கலையொட்டி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் நடக்கிறது. மேலைநாட்டு மாநாடுகளைப் போல இங்கே கையெழுத்துக்கென்று தனி அரங்கோ நேர அட்டவணையோ இல்லை. எழுத்தாளர் தம் பதிப்பாளரின் அரங்கில் ஒரு நாற்காலியில் அமர்ந்திருப்பார், வாசகர் பத்து விழுக்காடு தள்ளுபடியில் புத்தகத்தை வாங்கி, பில் போடும் மேசையிலிருந்து அப்படியே திரும்பி நீட்டுவார், "பேர் என்னம்மா? தமிழ்லயே எழுதட்டுமா?" என்று கேட்டு, முதலெழுத்தோடு பெயரையும் தேதியையும் எழுதிக் கொடுப்பார். நடைபாதை நெரிசலில் வரிசை என்று ஒன்று உருவாவதற்குள் இரண்டு பேர் இடையில் நுழைந்து தற்படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்தக் கூட்டத்துக்குள் மின்னூல் வாசகர் எப்போதும் சற்றே கூச்சத்தோடுதான் வருகிறார். 2016-ஆம் ஆண்டின் இறுதியில் கிண்டில் தமிழை ஏற்றுக்கொண்ட பிறகு, வெளிநாட்டுத் தமிழரில் பலரும், சென்னையிலேயே வாடகை வீட்டில் அலமாரிக்கு இடமில்லாதவர்களும் மின்னூலுக்கு மாறினார்கள். ஒரு மாலையில், நான் கோப்புத் தயாரித்துக் கொடுத்த நாவலின் ஆசிரியருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். விடுமுறைக்கு வந்திருந்த ஓர் இளைஞர் கைபேசியில் நாவலின் அட்டைப்படத்தைத் திறந்து காட்டி, "சார், தப்பா எடுத்துக்காதீங்க, நான் கிண்டில்லதான் படிச்சேன். பெட்டி ஏற்கெனவே இருபத்திமூணு கிலோ தாண்டிருச்சு" என்றார். "படிச்சீங்கள்ல, அது போதும் தம்பி" என்று சொல்லிய ஆசிரியர், பில் புத்தகத்தின் பின்தாளைக் கிழித்து அதில் பெயரும் தேதியும் எழுதிக் கொடுத்தார். இளைஞர் அதை மடித்துக் கடவுச்சீட்டு உறைக்குள் வைத்துக்கொண்டார். காரியம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. ஆனால் அந்தத் துண்டுத் தாளில் நாவலின் பெயர் இல்லை என்பது அவர் போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

கையெழுத்துக்காகவே அச்சுப் படியையும் ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்று பதிப்பாளர்கள் சொல்வார்கள். பலர் அப்படித்தான் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். ஆனால் அச்சு வடிவமே இல்லாத நூல்களுக்கு என்ன செய்வது? தமிழில் குடும்ப நாவல் எழுதும் பெண்களில் கணிசமானோர் கிண்டிலில் மட்டுமே வெளியிடுகிறார்கள். அவர்களுக்கு வாசகர் கூட்டம் இருக்கிறது, சந்திப்புகள் நடக்கின்றன, கையெழுத்துப் போடத்தான் பக்கம் இல்லை. போதாக்குறைக்கு அந்த வாசகரில் பலர் நூலை விலைக்கு வாங்குவதே இல்லை. கிண்டில் அன்லிமிடெட் சந்தாவில் எடுத்துப் படித்துவிட்டுத் திருப்பி விடுகிறார்கள். திருப்பிக் கொடுத்த நூலில் கையெழுத்தை எங்கே ஒட்டுவது?

விலைக்கு வாங்கினாலும் நிலைமை பெரிதாக மாறாது. கடையில் வாங்கும் மின்னூலில் பெரும்பாலானவை, படியெடுக்கவோ மாற்றவோ முடியாதபடி பூட்டுப் போட்ட கோப்புகள். நமக்குக் கிடைப்பது படிப்பதற்கான உரிமம்தான். 2009 ஜூலையில், உரிமை இல்லாத ஒருவர் விற்றுவிட்டார் என்பதற்காக, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை அமேசான் அழித்தது உலகறிந்த செய்தி. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியே கருவிக்கு மாற்றும் வசதியையும் அது நிறுத்திவிட்டது. இப்படிப்பட்ட கோப்புக்குள் கையெழுத்தைப் பதித்து வைத்தால், கோப்பின் விதியே கையெழுத்தின் விதியாகிவிடும். கணக்கு முடக்கப்பட்டாலோ நூல் கடையிலிருந்து விலக்கப்பட்டாலோ கையெழுத்தும் போகும். ஆகவே பூட்டிய நூலுக்கு வெளியே, வாசகரின் கையில் இருக்கும் தனிக் கோப்பாகக் கையெழுத்து இருப்பதே நல்லது என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். கிண்டில்கிராஃபின் குறையாகப் பலர் சொன்ன அந்தத் தனி ஆவணம், இந்தக் கோணத்தில் பார்த்தால் அதன் பலமாகவே தெரிகிறது.

எழுத்தாணியோடு வரும் புதிய கருவிகள் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டன என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கோபோ என்ற மின்னூல் கருவி நிறுவனத்தின் எலிப்ஸா 2021-இலும், அமேசானின் கிண்டில் ஸ்க்ரைப் 2022-இலும் வந்தன. கருவியை நீட்டினால் எழுத்தாளர் தலைப்புப் பக்கத்திலேயே எழுதிவிடலாம் என்பது கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மின்னூலின் பக்கம் நிலையான பக்கம் அன்று. எழுத்தின் அளவைக் கூட்டினால் வரிகள் இடம்பெயரும். இடம்பெயர்ந்த வரிகளுக்கு நடுவே கையெழுத்து எங்கே நிற்க வேண்டும் என்று கருவிக்குத் தெரியாது. தொடக்கத்தில் ஸ்க்ரைப் இதைத் தவிர்க்க, நூலின் மேல் எழுதவே விடாமல் ஒட்டுத்தாள் போன்ற தனிக் குறிப்பில்தான் எழுத விட்டது. மேலும் இவை விலை உயர்ந்தவை. புத்தகக் காட்சிக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் கையில் இருக்கும்? கைபேசியில் படிப்பவர்களே நம்மிடம் மிகுதி.

மின்னூலுக்கான பொதுக் கோப்பு வடிவமான ஈபப்பில், பூட்டில்லாமல் நூலை விற்கும் பதிப்பாளர்களுக்கு வழி சற்று விரிகிறது. அறிவியல் புனைகதைப் பதிப்பகமான டோர் 2012-இல் தன் மின்னூல்களின் பூட்டை அகற்றியது; பேன் பதிப்பகம் அதற்கு வெகு முன்பிருந்தே பூட்டின்றி விற்றுவந்தது. கையெழுத்து வேட்கை மிகுந்த மாநாட்டு வாசகர்களுக்கு நூல் விற்பவை இவையே என்பது நல்ல பொருத்தம். ஈபப் என்பது உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய ஒரு ஜிப் பொதிதான். அதை அவிழ்த்தால் அத்தியாயங்கள் இணையப் பக்கங்கள் போன்ற சிறு கோப்புகளாகவும், அட்டைப்படம் தனியாகவும், இவை எல்லாவற்றையும் பட்டியலிடும் ஓ.பி.எஃப். கோப்பு ஒன்றும் கிடைக்கும். அந்தக் கோப்பில் பொதிக்குள் என்னென்ன உள்ளன என்று சொல்லும் பகுதி ஒன்று. அவற்றை எந்த வரிசையில் காட்ட வேண்டும் என்று சொல்லும் பகுதி மற்றொன்று. கையெழுத்துப் படத்தைத் தாங்கிய ஒரு பக்கத்தை உருவாக்கி, முதல் பகுதியில் ஒரு வரியும், இரண்டாவதில் அட்டைக்கு அடுத்தபடியாக ஒரு வரியும் சேர்த்து, மீண்டும் பொதி கட்டினால் முடிந்தது. பொதி கட்டும்போது மைம்டைப் என்ற சிறு கோப்பு முதலாவதாகவும் சுருக்கப்படாமலும் இருக்க வேண்டும்; இதை மறந்தால் கோப்பு விதிகளின்படி செல்லாததாகிவிடும், கறாரான செயலிகள் அதைத் திறக்க மறுக்கும். அப்படிக் கட்டிய ஈபப்பை வாசகர் தம் கிண்டிலுக்கும் அனுப்பிக்கொள்ளலாம். 2022 முதல் அமேசானின் தனி ஆவணச் சேவை ஈபப்பை ஏற்கிறது.

இந்த வேலையைச் செய்யும்போது கற்றுக்கொண்ட சில சின்ன உண்மைகள் உண்டு. எழுத்தாளர்கள் டேப்லெட்டில் நீல மையைத் தேர்ந்தெடுப்பார்கள், சிலர் பச்சையை. பதினாறு சாம்பல் நிழல்களை மட்டுமே காட்டும், கிண்டில் போன்ற கருவிகளின் மின்மை (இ-இங்க்) திரையில் அந்த நீலம் வெளிறிப் புகைபோலத் தெரியும். ஆகவே கருப்பு நிறமும், வழக்கத்தைவிடத் தடித்த கோடும் வேண்டும். வாசகரின் பெயரைத் தட்டச்சாகச் சேர்ப்பதைவிட எழுத்தாளரே கையால் எழுதுவது நல்லது. தமிழ் எழுத்துருக்களைச் சரியாகக் கையாளாத பழைய கருவிகளில் "கோமதி" என்ற பெயரின் கொம்பும் காலும் தனித்தனியே சிதறி, நடுவில் புள்ளி வட்டம் ஒன்று முளைத்திருப்பதைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். படமாக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

இந்த வழிக்கும் ஒரு தடை இருக்கிறது. மின்பதிப்பு உரிமை பதிப்பாளரிடம் இருந்தால், மாற்றிய கோப்பை எழுத்தாளர் தாமாக மாநாட்டில் வழங்க முடியாது. ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரி வேண்டும்.

கையெழுத்து போலி இல்லை என்று எப்படி உறுதி செய்வது என்பது கணினித் துறையில் இருப்பவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. அதற்கு மின்னொப்பம் என்ற தொழில்நுட்பம் பல பத்தாண்டுகளாகவே இருக்கிறது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதற்குச் சட்ட ஏற்பும் தந்திருக்கிறது. கணக்குத் தாக்கல் செய்யும் ஆடிட்டரின் மேசையில் கிடக்கும் யூ.எஸ்.பி. டோக்கன் அதுதான். எழுத்தாளர் தம்மிடம் மட்டும் உள்ள மறைசாவியால் கையெழுத்துக் கோப்புக்கு ஒப்பமிடுவார். அவருடைய பொதுச்சாவியை வைத்திருக்கும் எவரும் அதைச் சரிபார்க்கலாம். கோப்பில் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் சரிபார்ப்புத் தோற்றுவிடும். கட்டற்ற மென்பொருள் மாநாடுகளில் ஒருவர் மற்றவரின் அடையாள அட்டையைப் பார்த்து, அவருடைய சாவிக்குச் சான்றொப்பமிடும் கூட்டங்களே நடப்பதுண்டு. கணினிக்காரர்களின் கையெழுத்து வேட்டை என்று அதைச் சொல்லலாம். ஆனால் ஒரு நாவலாசிரியரைச் சாவிக்கோப்பைப் பத்திரமாகப் பேணச் சொல்வதற்கு அவர் எழுதும் நேரத்தை நாம் விலையாகக் கேட்கிறோம். "அன்புள்ள கோமதிக்கு" என்று எழுதிய படத்தைக் கள்ளத்தனமாகப் படியெடுத்து வேறு யார் என்ன செய்யப் போகிறார்கள்? பெயரிட்டு எழுதியதே போதிய பூட்டு.

பாதுகாப்பில் கவலைப்பட வேண்டியவர் உண்மையில் எழுத்தாளர்தான். தெளிவான வெள்ளைப் பின்னணியில், மின்வடிவில், தம் கையெழுத்தை நூற்றுக்கணக்கான அறிமுகமில்லாதவர்களுக்கு அவர் கொடுக்கிறார். வங்கியிலும் ஒப்பந்தங்களிலும் போடும் கையொப்பத்தை அப்படிக் கொடுப்பது அறவே கூடாது. வாசகர்களுக்கென்று வேறொரு கையெழுத்தை வைத்துக்கொள்ளும்படி நான் எல்லா எழுத்தாளர்களிடமும் சொல்கிறேன். வங்கியில் ஆங்கிலத்தில் கையொப்பமிடும் தமிழ் எழுத்தாளர்கள் வாசகருக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தால் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

இவற்றை எல்லாம் கூட்டிக் கழித்து, புத்தகக் காட்சி நெரிசலில் நடக்கக்கூடியது எது என்று யோசித்தால், மிக எளிய ஒன்றே மிஞ்சுகிறது. பதிப்பாளர் ஒவ்வொரு நூலுக்கும் கையெழுத்துப் பக்கம் ஒன்றைப் படமாகத் தயாரித்து வைக்கட்டும்: மேலே சிறிய அட்டைப்படம், நூற்பெயர், ஆசிரியர் பெயர், கீழே வெற்றிடம். அரங்கின் வாசலில் ஒரு கியூ.ஆர். குறியீடு ஒட்டப்பட்டிருக்கும். வரிசையில் நிற்கும்போதே வாசகர் அந்தப் பக்கத்தைத் தம் கைபேசியில் இறக்கி, படத்தின்மேல் எழுதும் வசதியில் திறந்து வைத்துக்கொள்வார். மேசையில் எந்தத் தொடுதிரையிலும் எழுதக்கூடிய மலிவான எழுத்தாணி ஒன்று நூலால் கட்டப்பட்டிருக்கும், தபால் நிலையப் பேனாவைப் போல. எழுத்தாளர் வாசகரின் கைபேசியிலேயே எழுதிக் கொடுத்துவிடுவார். கோப்பு பிறக்கும்போதே வாசகரிடம் இருக்கிறது. மின்னஞ்சல் முகவரி கேட்க வேண்டியதில்லை. வாசகர்களின் தரவைச் சேகரித்துப் பாதுகாக்கும் பொறுப்பும் பதிப்பாளருக்கு இல்லை. மாலையில் கூட்டம் பெருகித் திடலில் இணைப்பு தடுமாறினாலும் எழுதும் காரியம் நிற்காது. முன்கூட்டியே வீட்டில் உட்கார்ந்து நூறு பக்கங்களில் கையெழுத்திட்டு வைத்து விநியோகிக்கும் ஆசை மட்டும் எழுத்தாளருக்கு வரக் கூடாது. அங்கேதான் டிலனின் இயந்திரம் காத்திருக்கிறது.

இதை ஒரு பதிப்பாளரிடம் விளக்கியபோது, அவர் முதலில் கேட்டது, மின்னூலை வாங்கியதற்கான ரசீதைக் காட்டச் சொல்லலாமா என்பதுதான். டெலிகிராம் குழுக்களில் சுற்றும் திருட்டு பி.டி.எஃப்.களால் அவர் பட்டிருக்கும் இழப்பு எனக்குத் தெரியும் என்பதால், அந்தக் கேள்வியை என்னால் எளிதில் ஒதுக்க முடியவில்லை. ஆனால் நூலகத்துப் படியையோ நண்பரிடம் இரவல் வாங்கிய படியையோ படித்துவிட்டு வந்து ஒரு துண்டுத் தாளை நீட்டும் வாசகரிடம் எந்த எழுத்தாளரும் இன்றுவரை ரசீது கேட்டதில்லை. சந்தாவில் படித்தவரிடம் காட்ட ரசீதே இருக்காது. திருடிப் படித்தவர் வந்து நின்றால் என்ன செய்வது என்று அவர் விடாமல் கேட்டார். கையெழுத்துப் பக்கத்தின் அடியில் நூலை வாங்குவதற்கான இணைப்பைச் சிறிய எழுத்தில் போட்டுவிடலாம், எழுத்தாளரின் வாழ்த்துக்குக் கீழே அது ஒவ்வொரு முறையும் அவர் கண்ணில் படும் என்றேன். பதிப்பாளர் சிறிது யோசித்துவிட்டு, அந்த எழுத்து அவ்வளவு சிறியதாக இருக்க வேண்டியதில்லை என்றார்.